சங்கிலிப் பாதையில் ஒரு செஞ்சிக்காரர்

1

என் கணவர் சம்பத்துக்கு வெளியூர்ப் பாறை எதுவும் கண்ணுக்குப் பிடிக்காது. நாங்கள் குடியிருக்கும் டென்வரில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மேற்கே பனி மூடிய மலைத்தொடர் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் காபியை மறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவர் மட்டும், "ஒசரம் இருக்குது, ஒத்துக்கறேன். கோட்டை எங்க?" என்று கேட்பார்.

செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் உண்டுதான். திருவண்ணாமலை ரோட்டில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் மலைமேல் சுவர் ஏறி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். நம் கோட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு இவருக்கு அது முற்றிவிட்டது. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இவரோடு வேலை பார்க்கும் அத்தனை பேரும் கோட்டை மலைகளில் உயரமான ராஜகிரியின் போட்டோவைப் பார்த்தாயிற்று. ரத்தம் கொடுக்க வந்தவர்களிலும் சில பேர் பார்த்திருக்கிறார்கள். ஊசி குத்திய கையை அசைக்க முடியாதவர்கள், பாவம். போட்டோவோடு கூடவே ஒரு வரி வரும். "ஸ்கூல் படிக்கும்போது சனிக்கிழமை தவறாம உச்சி வரைக்கும் ஏறுவேன்."

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். அதை வாங்க இரண்டு நாளும் ஒரு வத்தக்குழம்பும் தேவைப்பட்டன.

2

இந்த ஏப்ரலில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்தது. எங்கள் ஒரே மகள் காவ்யா பாஸ்டனில் வேலையில் இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு முறை போன், அதுவும் அவள் கடைக்கு நடந்து போகும் நேரத்தில். கடை வந்ததும் பேச்சு முடிந்துவிடும். கடை இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கக்கூடாதா என்று நான் நினைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் எங்கள் கல்யாண நாளுக்கு ஒரு பயணத் திட்டமே போட்டு அனுப்பியிருந்தாள். யூட்டா மாநிலத்தின் செம்பாறைப் பாலைவனம், பள்ளத்தாக்குகள், ஐந்து நாள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பது, எந்த ஊரில் பெட்ரோல் போடுவது, எங்கே நின்று போட்டோ எடுப்பது என்று எல்லாமே அதில் இருந்தது. முதல் பக்கத்தின் உச்சியில், எங்களைச் சந்தோஷப்படுத்தத் தமிழிலேயே ஒரு வாழ்த்து அடித்திருந்தாள்.

"அப்பா அம்மா, ரெண்டு பேரும் ஜாலியா செத்து போங்க."

நான் இரண்டு தடவை படித்துவிட்டுப் போன் போட்டேன்.

"காவ்யா, எங்கள இன்னா பண்ணச் சொல்ற?"

"சேந்து போகச் சொன்னேன்மா. ஏன்?"

"நீ எழுதுனத நீயே படி."

அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். "அது ஆட்டோகரெக்ட்மா" என்றாள். "நான் இப்பவே மாத்திடறேன்."

சம்பத் மாற்ற விடவில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டார். பெண் தமிழில் எழுதியதே பெரிய விஷயம், அதில் ஒரு எழுத்து முன்னே பின்னே இருந்தால் என்ன என்பது அவருடைய கட்சி.

திட்டத்தின் நான்காவது நாளில் ஒரு வரியை மட்டும் சிவப்பில் போட்டிருந்தாள். ஒரு செங்குத்துக் குன்று. அதன் உச்சிக்குப் போகும் கடைசிப் பாதை கத்தி முனை மாதிரி ஒடுக்கமானது. இரண்டு பக்கமும் பள்ளம். பிடித்துக்கொள்ளச் சங்கிலி கட்டியிருப்பார்கள். ஏறுவதற்குக் குலுக்கலில் அனுமதி கிடைக்க வேண்டும். மூன்று தடவை மனுப் போட்டு வாங்கியிருந்தாள். பக்கத்தில் ஒரு குறிப்பு: "அப்பாவுக்கு ஸ்பெஷல். ராஜகிரி மாதிரி."

அதைப் படித்தபோது சம்பத்தின் முகம் ஒரு நொடி வாடியது. நான் பார்த்துவிட்டேன். பார்க்காததுபோல் வெங்காயம் நறுக்கினேன்.

3

டென்வரிலிருந்து கிளம்பும்போது ரோட்டோரம் பனி கிடந்தது. மலைக் கணவாயைத் தாண்டி இறங்க இறங்க வெள்ளை போய்ச் சிவப்பு வந்தது. மதியத்துக்குள் ஸ்வெட்டரைக் கழற்றிப் பின்சீட்டில் எறிந்துவிட்டோம். எங்கே பார்த்தாலும் செங்கல் சூளையைக் கவிழ்த்துக் கொட்டியதுபோல் பாறை. ஆற்றோரத்து மரங்களில் மட்டும் அப்போதுதான் துளிர்த்த இலை. சப்பாத்திக் கள்ளியில் ரோஜா நிறப் பூ.

நான் வாயடைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டு வந்தேன். இவர் ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு பாறையாகத் தோற்கடித்துக்கொண்டு வந்தார். ஆயிரம் பேர் கேமராவோடு நிற்கும் ஒரு பெரிய கல்வளைவைப் பார்த்து, "நம்மூர்ல இப்புடி ஒண்ணு இருந்தா நடுவுல ஒரு புள்ளையார வெச்சிருப்பாங்க. சும்மா உட்டு வெச்சிருக்கானுங்க" என்றார். எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் காரிலிருந்து இறங்கவே இல்லை. "இங்கேந்தே தெரியுது" என்றார். அங்கிருந்து தெரிந்தது பார்க்கிங்தான்.

அவர் ஏன் இறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சம்பத்துக்குச் சொந்த ஊர் தொண்டூர். பள்ளிக்கூடம் படித்தது செஞ்சியில். நான் செஞ்சி டவுன். திண்டிவனம் ரோட்டில் என் நைனா சைக்கிள் கடை வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு மாப்பிள்ளையின் மாமா, "பையனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கந்தான். சனிக்கெழம ஆனா ராஜகிரி ஏறப் போயிடுவான்" என்றார். சம்பத் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். என் சித்தப்பா விடவில்லை. "எங்க பொண்ணு காலேஜ் உட்டா வூடு, வூடு உட்டா காலேஜ். வேற வாசல் தெரியாது" என்றார்.

நான் காபித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா சொன்னது சுத்தப் பொய். கல்லூரி முகாமில் பிளாஸ்டிக் பொறுக்குகிறோம் என்ற பெயரில் நான் மூன்று தடவை ராஜகிரி உச்சிக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவை குரங்கோடு சண்டை போட்டு என் பையை மீட்டிருக்கிறேன்.

கல்யாணமான முதல் மாதமே சம்பத்தின் பொய்யும் எனக்குத் தெரிந்துவிட்டது. மலை ஏறிய கதையைச் சொன்னவர், "படி நேரா உச்சிக்கே போய் நிக்கும்" என்றார். போகாது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும். கீழே ஆழமான பிளவு. ஒரு சின்னப் பாலத்தைத் தாண்டித்தான் அந்தப் பக்கம் போக முடியும். ஒரு தடவை போனவர்கூட அந்தப் பாலத்தை மறக்க மாட்டார்.

"நடுவுல எதுவும் இல்லியா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"இன்னா இருக்கப் போவுது. கொரங்குதான்."

அவர் பொய்யை உடைத்தால் எங்கள் வீட்டுப் பொய்யும் கூடவே உடையும். புதுப்பெண், பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு அதுவே பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், ரசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன். ஒவ்வொரு விருந்திலும் கதை வளரும். ஒரு வருடம் தேன்கூடு வந்தது, ஒரு வருடம் நல்லபாம்பு வந்தது. பாலம் மட்டும் வரவே இல்லை.

4

நான்காம் நாள் காலை. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்து, ஒரு மணல் மேட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்துதான் சங்கிலி ஆரம்பம். அகலமான தொப்பி போட்ட வனக்காவல் பெண் ஒருத்தி அனுமதிச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் சீட்டைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"திரு மாணிக்கம்?"

சம்பத் கையைத் தூக்கினார். மாணிக்கம் என்பது அவருடைய நைனாவின் பெயர். அமெரிக்காவில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயர் ஆகிவிட்டது, அதனால் இருபத்தைந்து வருடமாக எல்லா ஆபீஸிலும் என் மாமனாரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

"நீங்கள் திருமதி மாணிக்கமா?"

"இல்லை. அலமேலு சம்பத்."

"சம்பத் யார்?"

"இவர்."

"இவர் மாணிக்கம் என்றாரே."

"அது என் மாமனார்" என்றேன்.

அவள் சீட்டை மறுபடி பார்த்தாள். எங்கள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "இரண்டு பேருக்குத்தான் அனுமதி. மாமனாரும் வருகிறாரா?"

அவர் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. "வரவில்லை" என்றேன். சம்பத்துக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் அந்தப் பெண்ணின் தலைக்குமேல் சங்கிலி போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சீட்டுக் குழப்பத்தில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட மாட்டாளா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாராம். பிறகு சொன்னார். அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திருப்தியாகி, எங்களை வாழ்த்தி அனுப்பிவிட்டாள்.

பத்து நிமிடம் நன்றாகத்தான் போனார். பிறகு பாறை குறுகி ஒரு வரப்பு அகலத்துக்கு வந்தது. இடது பக்கம் பார்த்தால் ஆறு ஒரு பச்சை நூல் மாதிரி தெரிந்தது. வலது பக்கம் பார்க்காமல் இருப்பது நல்லது. எனக்குப் பின்னால் வந்த சம்பத் நின்றுவிட்டார்.

"அலமு."

"ம்."

"காலு வரல."

"வரலன்னா?"

"வான்னு சொல்றேன். கேக்க மாட்டேங்குது."

சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "உங்களால் முடியும், உங்களால் முடியும்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்கக் கேட்க இவர் இன்னும் இறுகிப் போனார்.

"ஏங்க, ஒண்ணும் இல்ல. என்னைப் பாருங்க."

"அலமு, நான் ஒண்ணு சொல்றேன். நான் செத்துகித்துப் போயிட்டா தெரியாமலே போயிடும். நான் ராஜகிரி உச்சிக்குப் போனதே இல்ல. பன்னெண்டு வயசுல பசங்களோட போனேன். மேல கிட்டக்க ஒரு பாலம் இருக்குது. அதப் பாத்துட்டு அங்கியே குந்திட்டேன். அதுக்கப்பறம் மலையடிவாரத்துக்கே போவல."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீங்க போவலன்னு தெரியும். பாலத்தப் பத்தி ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா?"

அவர் சங்கிலியைப் பார்ப்பதை விட்டுவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்தார். "பாலம் இருக்குதுன்னு உனக்கு எப்புடித் தெரியும்?"

"நான் மூணு தடவ தாண்டியிருக்கேன்."

"மூணு தடவ." அவர் குரல் மாறிவிட்டது. "உங்க சித்தப்பா இன்னா சொன்னாரு? வேற வாசல் தெரியாதுன்னாரே."

"உங்க மாமா இன்னா சொன்னாரு?"

"எங்க மாமா சொன்னது வேற. அவுரு ஏதோ பெருமைக்குச் சொன்னாரு. நீங்க குடும்பமா சேந்து ஏமாத்திக்கீறீங்க."

"யோவ், வாரா வாரம் நல்லபாம்பு புடிச்சது நானா?"

"அப்போ இருபத்தஞ்சு வருசமா உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினு இருந்திருக்க."

"ஆமா."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு அடி அவர் பக்கம் வைத்தால் அவர் கோபத்தில் ஒரு அடி பின்னால் வைப்பார், அவருக்குப் பின்னால் அந்த எட்டுப் பேரும் ஒரு அடி பின்வாங்குவார்கள். வனக்காவல் பெண் தொப்பியோடு எங்கள் பக்கத்தில் நிற்பதைப் பார்த்த பிறகுதான், சண்டை போட்டுக்கொண்டே மணல் மேட்டுக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்பது இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

5

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்து, "நீ போய்ட்டு வா" என்றார்.

"வேணாம், எறங்கலாம்."

"மூணு தடவ போனவதானே. போ." கோபம் பாதி, வேறு ஏதோ பாதி. "காவ்யா மூணு வாட்டி எழுதிப் போட்டு வாங்குனது. ஒரு ஆளாவது போவணும்."

போனேன். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் எந்த இடத்துக்கும் நான் தனியாகப் போனதில்லை என்பது நடக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வேலைக்கும் கடைக்கும் போவது கணக்கில்லை. ஏர்போர்ட், பாஸ்போர்ட் ஆபீஸ், பள்ளிக்கூடக் கூட்டம் என்று எங்கே போனாலும் அவர் முன்னால், ஃபைலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால். செஞ்சியில் பையைப் பிடுங்கிய குரங்கைத் துரத்தியவள் எப்போது ஃபைல் பிடிப்பவளாக மாறினேன் என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் மாற்றவில்லை. சௌகரியமாக இருந்தது, மாறிவிட்டேன்.

உச்சியில் காற்று சேலைக் கடையில் பீஸ் பிரிப்பதுபோல் படபடவென்று அடித்தது. நான்கு பக்கமும் செம்பாறைச் சுவர்கள், நடுவில் அந்தப் பச்சை ஆறு. ஒரு குட்டி அணில் வந்து என் கையிலிருந்த வேர்க்கடலையை உரிமையோடு பார்த்தது. இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நியாயமாக எனக்குச் சுதந்திரமாகத்தான் இருந்திருக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் அப்படித்தான் இருந்தது. பிறகு, இதைப் பார்த்தால் அவர் என்ன சொல்லிக் குறை கண்டுபிடிப்பார் என்று மனம் ஓட ஆரம்பித்துவிட்டது. என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மணல் மேட்டில் சம்பத்தைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. எல்லாருமே பாதியில் திரும்பியவர்கள். டெக்சாஸிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், ஒரு ஜெர்மன்காரப் பாட்டி, புதுக்கல்யாணமான ஒரு பையன். அவன் பெண்டாட்டியும் மேலேதான். என் முறுக்கு டப்பா காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

"இவர் உங்களை விட்டுக் கண்ணையே எடுக்கவில்லை" என்றாள் அந்தப் பாட்டி. "ஆரஞ்சுச் சட்டை இங்கே, ஆரஞ்சுச் சட்டை அங்கே என்று எங்களுக்கும் காட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் ஒரு திருப்பத்தில் நீங்கள் மறைந்துவிட்டீர்கள். அப்போது முறுக்கைக்கூடக் கீழே வைத்துவிட்டார்."

நான் சம்பத்தைப் பார்த்தேன். அவர் பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. சங்கிலியில் நின்றபோதுகூட அவ்வளவு வேர்க்கவில்லை.

"மேல எப்புடி இருந்தது?" என்றார்.

"நல்லா இருந்தது."

"கோட்டை இல்லயே" என்றார். அத்தோடு சண்டை முடிந்தது.

6

திரும்பும் வழியில் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டோம். காவ்யாவிடம் இரண்டு பேரும் ஏறியதாகச் சொல்வது. அவள் ஆசையாகப் போட்ட திட்டம், எதற்குக் கெடுக்க வேண்டும். காரில் ஒரு மணி நேரம் நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். உச்சியில் எத்தனை மரம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது, அணில் எப்படி வந்தது. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் மாதிரி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். ஒரு இடத்தில் அவராகவே ஒரு பாம்பைச் சேர்க்கப் பார்த்தார். நான் அனுமதிக்கவில்லை.

சாயங்காலம் விடுதி அறையின் அடுப்பில் நான் சாதம் வைத்திருந்தபோது காவ்யா போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டோம்.

"அப்பா, மேல போனியா?"

"போனேன்மா. செம காத்து. மேல போனதும் ஒரு அணிலு" என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார்.

"பயமா இல்லியாப்பா?"

அவள் அதைக் கேட்ட விதம் எனக்கு வித்தியாசமாகப் பட்டது. விளையாட்டாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்று கேட்டாள். சம்பத்துக்கும் பட்டிருக்க வேண்டும். அணிலைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு போனைக் கொஞ்சம் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார்.

"நான் போகலம்மா. அம்மாதான் போனா. நான் பாதியில பயந்துட்டேன். ராஜகிரியும் அப்படித்தான். நான் ஒரு தடவகூட மேல போனதில்ல. எல்லாருகிட்டயும் போனேன்னு சொல்லிக்கினு இருந்தேன். உங்கிட்டயும்."

அந்தப் பக்கம் கடைக்கு நடக்கும் காலடிச் சத்தம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவள் வீட்டில் உட்கார்ந்து பேசுகிறாள்.

"எனக்கும் ஹைட்னா பயம்ப்பா" என்றாள். "சின்ன வயசுலேந்தே. கேம்ப்ல அந்தச் சுவர் ஏறச் சொன்னாங்கல்ல, நான் நடுவுல அழுதேன். நீ கீழ நின்னு சொன்ன, செஞ்சிக்காரன் பொண்ணு பயப்படக்கூடாதுன்னு. அதான் நான் யார்கிட்டயும் சொல்லல. ஆபீஸ் பதினாலாவது மாடி. ஜன்னல் பக்கம் சீட் குடுத்தாங்க. டெய்லி வயிறு வலிக்கும். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்தது."

எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது. அவளுக்குப் பத்து வயது. பிளாஸ்டிக் பிடிகள் வைத்த சுவரில் பாதி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு அழுதாள். இவர் கீழே நின்று ராஜகிரிக் கதையைச் சத்தமாகச் சொன்னார். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவர் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒரு வார்த்தை நான் பேசியிருக்கலாம். சாதம் அடிப்பிடிக்கும் வாசனை வரும்வரை இதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

"தப்பு எம்மேலதான்" என்றார் சம்பத். "சீட்ட மாத்தச் சொல்லிக் கேளு. நாளைக்கே கேளு. அப்பாவுக்கும் இப்படித்தான்னு சொல்லு."

"உனக்கு எஸ்கலேட்டர் ஓகேவாப்பா?"

"ஏறறது ஓகே. எறங்கறதுதான்."

"எனக்கும்ப்பா. எனக்கும் எறங்கறதுதான்."

அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்தவில்லை. கண்ணாடி லிஃப்ட், மேம்பாலத்தில் கார் ஓட்டுவது, ஸ்டேடியத்தில் மேல் வரிசை, ஏணியில் ஏறி பல்பு மாற்றுவது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, ஒத்துப்போகும்போதெல்லாம் இரண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பல்பை ஏன் எப்போதும் நானே மாற்றுகிறேன் என்பதும் போகிற போக்கில் வெளியே வந்தது. அப்பாவும் பெண்ணும் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. நான் தட்டில் சாதம் போட்டு அவர் முன்னால் வைத்தேன், ஆறிப் போனது. ஊறுகாய் வைத்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து போன் பக்கம் குனிந்தேன்.

"எனக்கும் ஒசரம்னா கொஞ்சம் பயந்தான்" என்றேன்.

"சும்மா சொல்லாதம்மா" என்றாள் காவ்யா.

"சும்மா சொல்லாதடி" என்றார் சம்பத்.